சத்தம் இல்லாத இல்லம்

ஜூலை 3, வியாழன்

குடலிறக்கத்தை இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவணிக்குள் ஆபரேஷன். அதற்குப் பிறகு மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். "வீட்டுல அப்படி என்னத்தத் தூக்கறீங்க?" என்று கேட்டார். "என்ற சம்சாரத்தைங்க" என்றேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மயிலாத்தாளுக்கு மறதி நோய் வந்து நாலு வருஷம் ஆகிறது. குளியலறையில் உட்கார்ந்தால் எழமாட்டாள், நான்தான் தூக்க வேண்டும். எழுந்துவிட்டாலோ உட்காரமாட்டாள். போன மாசம் கேட்டைத் திறந்துகொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை போய், பழனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் தெரிந்த பையன், இறக்கிவிட்டான்.

மகள் பூங்கொடி ஓசூரிலிருந்து போன் போட்டாள். "நல்ல ஹோமாப் பாத்து அம்மாவச் சேத்துருங்கப்பா. நீங்க தேறி வாங்க, மத்தது அப்புறம் பேசிக்கலாம்." நல்ல ஹோம் என்ன, கடையில் தொங்குகிறதா? இருந்தாலும் பார்ப்பேன். பார்ப்பதுதானே என் தொழில். பம்பு கம்பெனியில் ஆயுசு முழுவதும் தர சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். என் முத்திரை விழாமல் ஒரு மோட்டார் வெளியே போனதில்லை. சப்ளையர் மேல்தட்டில் நல்ல சரக்கை அடுக்கி அடியில் ஓட்டை உடைசலை வைப்பான். நான் அடியிலிருந்துதான் எடுப்பேன்.

ஜூலை 5, சனி

காலையில் மயிலாத்தாளுக்கு இட்லி ஊட்டி, தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தேன். ராத்திரியில், அதுவும் ரொம்ப அமளி செய்தால் மட்டும் கொடுக்கச் சொல்லித்தான் டாக்டர் எழுதியிருக்கிறார். ராத்திரி எது பகல் எது என்று மாத்திரைக்குத் தெரியவா போகிறது? கண் சொக்கியதும் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் இல்லம் அவிநாசி ரோட்டுக்கு உள்ளே. பெயர் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்பு, கருணை, நிழல் என்று எல்லாம் ஒரே மாதிரி பெயர்கள்தான். மஞ்சள் பெயிண்ட், வாசலில் செயற்கை நீரூற்று, வரவேற்பில் மெத்மெத்தென்று சோபா. டை கட்டின மேனேஜர் காபி கொடுத்தான். காபி நன்றாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பின்னாடி பாக்கோணும்" என்றேன்.

"பின்னாடி ஒண்ணும் இல்லீங்க சார். வேலை நடக்குது."

பாத்ரூம் போகிற சாக்கில் பின்பக்கம் நுழைந்தேன். ஒரு பெரியவரின் கையைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "குழாயப் பிடுங்கிருவாருங்க" என்றாள் அங்கே இருந்தவள். எந்தக் குழாயை என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த அறையில் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, உள்ளே ஆள் இருமுகிற சத்தம். "வெளியில பூட்டி உள்ள மனுசர வெச்சா அதுக்குப் பேரு ஹோமா, ஜெயிலா?" என்று மேனேஜரைக் கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத் திருப்தியோடு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். மயிலாத்தாள் நான் படுக்க வைத்தபடியே கிடந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆட்டுக்கறி எடுத்தேன். மென்று தின்ன அவளுக்குப் பொறுமை இல்லை, ஊட்ட எனக்குப் பொறுமை இல்லை. கடைசியில் ரசஞ்சோறு.

ஜூலை 9, புதன்

இரண்டாவது இல்லம், சரவணம்பட்டிப் பக்கம். உள்ளே காலை வைத்ததும் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. பினாயில் அவ்வளவு அடித்தால் அதற்குக் கீழே வேறு வாடை இருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டு வேளையாகப் பார்த்துத்தான் போனேன். சோறு, குழம்பு, பொரியல், தயிர் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் அடித்து ஒரு வாளியில் வைத்திருந்தார்கள். சிமெண்டுக் கலவை நிறம். ஊட்டுகிறவள் நின்றுகொண்டே ஊட்டினாள், பார்வை செல்போனில். ஒரு வாய் உள்ளே போவதற்குள் அடுத்த கரண்டி வந்து உதட்டில் இடித்தது.

"தொண்டைல சிக்காதா, கண்ணு?"

"பழகிட்டாங்க சார்."

பழகிட்டாங்களாம். மூச்சு விடாதே என்று யாராவது சொன்னால்கூட அந்தக் கிழங்கள் கேட்டிருக்கும், அவ்வளவு பழக்கம். திட்டிவிட்டு வந்தேன். திட்டினது யார் காதிலும் விழவில்லை என்பது வேறு விஷயம்.

பஸ் கிடைக்காமல் வீடு சேர நாலு மணி ஆகிவிட்டது. மயிலாத்தாளுக்கு மத்தியானச் சோறு அப்போதுதான். அவசரத்தில் கொஞ்சம் புரையேறியது. முதுகில் தட்டினேன், சரியாகிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

மயிலாத்தாளைக் குளிப்பாட்டினேன். தூக்கும்போது அடிவயிறு சுரீர் என்றது. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றோம், இரண்டு பேரும் ஈரமாக.

சிக்கெடுக்க நேரம் இல்லாததால் அவள் தலைமுடியைக் கழுத்தளவில் கத்தரித்துவிட்டேன். கல்யாணத்தன்று அந்தச் சடைக்குப் பூ வைக்க மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடியைப் பார்த்து, "இவுங்க யாருங்க?" என்றாள். கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

பக்கத்து வீட்டு ருக்குமணி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்ண்ணா, அக்கா முடியக் கேட்டுட்டு வெட்டுனீங்களா?" என்றாள். ஊரில் எல்லோருக்கும் கேள்வி கேட்க மட்டும் நேரம் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது!

மருதமலை போகிற வழியில் இருக்கிறது. தரை முகம் பார்க்கிற மாதிரி. படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், மெத்தைக்கு அடியில் விரல் வைத்துத் தேய்த்தேன், சுத்தம். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் இல்லை. இருபது முப்பது பேர் இருக்கிற இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லோரும் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், போர்வை கழுத்து வரைக்கும்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. மோட்டாரை ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்போம். இரைந்தால் உள்ளே கோளாறு. சத்தம் போடாத மோட்டார்தான் நல்ல மோட்டார். கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடலாம்.

பொறுப்பாளர் இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். அடுத்த வாரம் வந்து சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. மயிலாத்தாளுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் நானே தின்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

பூங்கொடியிடம் சொன்னேன். "நீங்க ஓகே சொன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரிப்பா" என்றாள். கிண்டல்தான். ஆனாலும் பிடித்திருந்தது.

கட்டிலுக்குப் பின்னால் கூட்டும்போது ஊறிப்போன மாத்திரைத் துண்டு ஒன்று கிடந்தது. நானே கை தவறிப் போட்டிருப்பேன். நேற்று நான் வந்தபோது கூடத்துக் கொடியில் கிடந்த துணியெல்லாம் மடித்து நாற்காலியில் இருந்தது. ருக்குமணி வந்து மடித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டாலும் உதவி செய்கிறவள்தான்.

அரை மாத்திரை இப்போதெல்லாம் போதவில்லை என்று தோன்றுகிறது. முழுசாகக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஒருமுறை பார்த்துப் பாஸ் போடுகிறவன் சோதனைக்காரன் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தடவை போக வேண்டும். மருதமலை ரோட்டு இல்லத்துக்குக் காலை பதினொரு மணிக்கே போய் நின்றேன்.

அதே அமைதி. காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயில் அடிக்கும்போது, அத்தனை பேரும் தூங்குகிறார்கள். ஒரு அம்மாளின் தோளைத் தொட்டு, "அம்மிணி, எந்திரிங்க" என்றேன். கண்ணைத் திறந்தாள். கண்ணுக்குள் ஆள் இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்கக் கை தூக்கினாள், கை பாதியில் நின்றுவிட்டது. அப்போது ஒருத்தி தட்டு நிறைய ஒரே மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சளாக, நடுவில் கோடு. எனக்கு நன்றாகத் தெரிந்த மாத்திரை.

ரத்தம் தலைக்கு ஏறியது. பொறுப்பாளரின் மேஜையில் ஓங்கித் தட்டினேன். "மனுசரத் தூங்க வெச்சு மூட்டை மாதிரி அடுக்கியிருக்கீங்களே, இதுக்குப் பேரு கவனிப்பா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இவுங்கெல்லாம் முழிச்சிருந்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா சார்? உங்க வீட்டம்மாவ நீங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கறீங்க?"

நான் வெளியே நடந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 19, சனி

எரிச்சல். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூங்கொடி போன். ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் இடம் மாற்றக் கூடாது, ஆவணி வரட்டும் என்றேன்.

"ஆபரேஷன் தேதிக்கு ஆடியும் ஆவணியும் தெரியுமாப்பா?" என்றாள். பிறகு, "உங்களுக்கு அம்மாவ அனுப்ப மனசில்ல. அதச் சொல்லுங்க. குறை கண்டுபிடிச்சிட்டே இருந்தீங்கன்னா ஒரு எடமும் கெடைக்காது" என்றாள்.

மனசில்லைதான். சரி, அதற்கென்ன? மனசில்லாதவன் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

நாலாவது. சூலூர் தாண்டி ஒரு பழைய அரிசி மில்காரர் வீடு. நடத்துவது பிலோமினா என்ற ரிட்டயர் ஆன நர்ஸ். கேட்டுக்கு வெளியிலேயே இரைச்சல். ரேடியோ அலறுகிறது, யாரோ பாடுகிறார், ஒரு நாற்காலிக்காக இரண்டு கிழவிகள் "இது என்ற சேரு, என்ற சேரு" என்று சண்டை போடுகிறார்கள். தாழ்வாரத்தில் ஒருவர் சட்டையில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஈ.பி.காரருங்களா? கரண்டு ரெண்டு நாளா இல்ல" என்றார். தலைக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

பாத்ரூமில் ஓடு ஒன்று பெயர்ந்து கிடக்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஒரு அம்மாள் கையில் மாவுக்கட்டு. கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பிலோமினாவே சொல்லிவிட்டார்.

"போன மாசம் விழுந்துட்டாங்க. எங்க தப்புதான், தரை ஈரமா இருந்துச்சு."

"பாத்துக்க மாட்டீங்களா?"

"பாத்துக்கறோமுங்க. ஆனா நடக்கறவங்க விழத்தான் விழுவாங்க. விழவே கூடாதுன்னா படுக்கதான் வெக்கோணும். அது வேணுமுன்னா வேற எடம் பாருங்க, மருதமலைப் பக்கம் நெறைய இருக்குது."

பேச்சில் மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் முகத்தில் அடிக்கிற பேச்சு. நான் எழுந்தேன். அவர் விடவில்லை. என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றார். பிரஷர் மாத்திரை, சத்து மாத்திரை என்று சொன்னேன்.

"தூக்கத்துக்கு?"

"எப்பவாச்சும் அரை."

என்னையே பார்த்தார். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. காலைல விட்டுட்டு சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க. டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு, முந்தின நாள்ள இருந்து அந்த மாத்திரை மட்டும் வேண்டாம். அவுங்க எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியோணுமில்லீங்களா?"

நான் இல்லத்தைச் சோதிக்க வந்தால், இல்லம் என்னைச் சோதிக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று எவனாவது சொன்னால் நம்பலாம், இந்த இரைச்சலை நல்ல இல்லம் என்று நான் நம்பமாட்டேன். ரிஜெக்ட்.

ஜூலை 24, வியாழன்

மயிலாத்தாளைத் தூக்கும்போது வயிற்றில் வலி வந்து, அவளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டும் ருக்குமணி வர நேரமாகிவிட்டது. வந்து இரண்டு பேரையும் எழுப்பினாள். மயிலாத்தாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குத் துணி மடித்ததற்காக ருக்குமணியிடம் நன்றி சொன்னேன்.

"நான் வரவே இல்லீங்ண்ணா. வீடு பூட்டியில்ல கெடந்துச்சு" என்றாள்.

அப்படியானால் நானே மடித்துவிட்டு மறந்திருப்பேன். ஒரு வீட்டில் ஒரு மறதி போதாதா?

டாக்டருக்குப் போன் செய்தேன். "பகல்ல எதுக்குக் குடுத்தீங்க?" என்றார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நிறுத்தச் சொன்னது மட்டும் கேட்டது. பிலோமினாவுக்குப் போன் செய்து திங்கள்கிழமை வருகிறேன் என்றேன். வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை 26, சனி

ஒத்திகை மாதிரி இன்றைக்கே மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன்.

விடிந்ததிலிருந்து நடை. கூடம், சமையலறை, வாசல், மறுபடி கூடம். பழனி பஸ் போய்விடும் என்கிறாள். கேட்டைப் போட்டு உலுக்குகிறாள். கேஸ் அடுப்பின் திருகைத் திறந்துவிட்டாள், வாடை வந்ததால் தெரிந்தது. நான் ஒரு வாய் காபி குடிக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கேட்டுக்கு ஓடியபோது கையைப் பிடித்து இழுத்து, கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று எழுத வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேனே, அதை நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே அவள் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து உள்ளே போவதற்குள்ளேயே தூக்கம். பழக்கம்தான், வேறென்ன. வாயைத் திறந்து போட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று கொடுக்கவில்லை. ருக்குமணி பகல் முழுக்கக் கூட இருந்தாள். நான் தூங்கினேன்.

ஜூலை 28, திங்கள்

காலையில் பிலோமினாவிடம் மயிலாத்தாளை விட்டேன். எனக்கு அவள் கையை விட மனசு வரவில்லை. அவளோ என் கையை விட்டுவிட்டு, நாற்காலிச் சண்டை போடுகிற கிழவிகளைப் பார்த்தபடி உள்ளே போனாள். சூலூர் கடைவீதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பகலைக் கழித்தேன். விழுந்திருப்பாள், அழுதிருப்பாள், என்னைத் தேடியிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நாலு மணிக்கே போய்விட்டேன். சொல்லாமல் போய்ப் பார்க்கிற புத்தி எங்கே போகும்? பக்கவாட்டுக் கேட் வழியாகத்தான் நுழைந்தேன்.

தாழ்வாரத்தில் பாயில் நாலைந்து பேர் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மயிலாத்தாள். கத்தரித்த முடியைச் சீவி, ஒரு சின்ன கிளிப் போட்டிருந்தார்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு முன்னும் பின்னும் தொடர்பு இல்லைதான். ஆனால் பேசினாள், விரல்கள் பாட்டுக்குக் கீரையை உருவின. வீட்டில் அவள் குரலை நான் அவ்வளவு நேரம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த காமாட்சி என்ற பணிப்பெண், "அம்மா, உங்க வீட்டுக்காரரு வர்ற நேரமாச்சு. மூஞ்சி கழுவிக்கலாமுங்களா?" என்றாள்.

மயிலாத்தாளின் கை நின்றுவிட்டது. வாசல் பக்கம் பார்த்தாள். "வந்துட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"வந்தா, நான் தூங்கறேன்னு சொல்லிருங்க."

"ஏனுங்கம்மா?"

"முழிச்சிருந்தா மாத்திரை குடுத்துருவாருங்க. கசக்கும். கண்ண மூடிக் கெடந்தா அவுரு பாட்டுக்குப் போயிருவாரு." கொஞ்சம் யோசித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவரத் திட்டிப் போடாதீங்க. நல்லவருதான். பாவம், அவருக்கும் முடியறதில்லீங்க."

தூணைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், சத்தம் வராமல். எத்தனை நாள், எத்தனை நாள் என்று ஒன்றே மனசில் ஓடியது.

பிறகு வந்த வழியே திரும்பி, வெளியே போய், முன்வாசலுக்குச் சுற்றி வந்தேன். கேட்டைப் படாரென்று தள்ளினேன். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். "யாருங்க உள்ள, நான் வந்துட்டேனுங்க" என்று தேவையில்லாமல் கத்தினேன். அவசரப்படாமல், அவளுக்கு நேரம் கொடுத்து, தாழ்வாரத்துக்கு வந்தேன்.

மயிலாத்தாள் பாயில் சுவரோரமாகப் படுத்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. விரல் நகத்தில் கீரைப் பச்சை.

காமாட்சி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா தூங்கறாங்க…" என்று இழுத்தாள்.

"தூங்கட்டுமுங்க" என்றேன். "எழுப்பாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இமைக்குள் கண் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ரேடியோ, பாட்டு, சண்டை எதுவும் நிற்கவில்லை. பெயர்ந்த ஓட்டை இன்னும் ஒட்டவில்லை, அதையும் பார்த்தேன். பிலோமினா வந்து, "என்ன முடிவு பண்ணுனீங்க? ஆவணில கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்கே இருக்கட்டுங்க" என்றேன். "துணிமணி நாளைக்குக் கொண்டாறேன். பாத்ரூம் ஓட்ட மட்டும் ஒட்டிருங்க."

மயிலாத்தாளின் தலையைத் தடவ வேண்டும் போல் இருந்தது. தொட்டால் பயந்துவிடுவாளோ என்று தொடவில்லை. எழுந்து, வந்த மாதிரியே செருப்பைத் தேய்த்து நடந்தேன். கேட்டை நன்றாகச் சத்தம் வரும்படி சாத்தினேன். ரோடு திரும்புகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் மறுபடியும் படுக்க வேண்டியிருக்கும்.